யார் வீட்டுப் பிள்ளை

4 பிப்ரவரி 2010, வியாழன்

காலையில் ரத்த அழுத்தம் 168/92. டாக்டர் இந்த இரண்டு எண்களை மட்டும்தான் தினமும் எழுதச் சொன்னார். இரண்டு எண்ணுக்கு எதற்கு நூறு பக்க நோட்டு? பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள் நான். கோடு போட்ட தாளைக் கண்டால் இன்னும் கை ஊறுகிறது.

ரொட்டி மாவு பிசைய மோர் வாங்கக் கடைக்கு நடந்தேன். எதிரே டிராக்டரில் பார்ட்லி கிங். ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். அறுபத்தோரு வருடமாகத் தூக்குகிறான். முதலில் கழுதை வண்டியில் இருந்து, பிறகு சைக்கிளில் இருந்து, இப்போது டிராக்டரில் இருந்து. வண்டிதான் மாறியது, விரல் மாறவில்லை.

நான் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தேன். அதுவும் மாறவில்லை.

6 பிப்ரவரி, சனி

எண் எழுதவில்லை. எழுதினால் டாக்டர் ஓடி வருவார்.

மூன்று மணிக்குத் தொலைபேசி. அமெரிக்கக் குரல்.

"பெகி அத்தையா? நான் ஐலீன். பாஸ்டன்ல இருந்து பேசறேன். கோல்மன் கிங்கோட பொண்ணு."

எனக்கு ஓர் அண்ணன் உண்டு. 1949-ல் கப்பலேறினான். அன்றிலிருந்து நான் அவன் பெயரைச் சொன்னதில்லை. அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரியும். அவளுக்கு ஒரு குரல் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

முதியோர் இல்லத்தில் இருக்கிறானாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டதாம்.

"இங்கிலீஷ் சுத்தமாப் போயிடுச்சு அத்தை. நாங்க பேசறது எதுவும் ஏறல. நர்ஸுங்க 'மிஸ்டர் கிங், மிஸ்டர் கிங்'னு கூப்பிட்டா வேற யாரையோ கூப்பிடற மாதிரி சுவத்தைப் பாக்கறார். கோல்மன்னு கூப்பிட்டாலும் அப்படித்தான். அப்பான்னு நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். சாப்பாடு ஊட்ட வந்தா வாயை மூடிக்கறார். ஆள் யாரு வந்தாலும் ஒரே வார்த்தை. லீஷ், லீஷ். லீஷ்னா நாய்ச் சங்கிலியாச்சே, அதைத்தான் கேக்கறார்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து கைல குடுத்தேன். தூக்கி எறிஞ்சிட்டார். நாங்க நாயே வளத்ததில்ல. ஊர்ல அவரை என்னன்னு கூப்பிடுவீங்க? அந்தப் பேரை மட்டும் சொல்லுங்க. அந்தப் பேருக்காவது திரும்புவாரான்னு பாக்கறேன்."

"தெரியாது" என்றேன். வைத்துவிட்டேன்.

தெரியாதா? எனக்கா? 1936-ல் எந்தக் கோழி எந்தப் புதரில் முட்டையிட்டது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

7 பிப்ரவரி, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. பைத்தியக்காரி, நாய்ச் சங்கிலி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்!

அவன் கேட்டது சங்கிலி இல்லை, எங்கள் மொழியில் ஒரு கேள்வி. கே லெஷ் ஹூ. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" ஐலீனின் காதில் நடுவார்த்தை மட்டும் விழுந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வழியில் ஒரு பிள்ளையைக் கண்டால் பெயரை யார் கேட்டார்கள்? யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். மிக்கிலின் மகள், கோலீனின் பேத்தி என்று சொல்ல வேண்டும். அதுதான் பெயர். அப்பன் பெயர் பிள்ளை பெயரோடு சேரும்போது முதலெழுத்து கரைந்துவிடும்: மிக்கில் விக்கில் ஆகும், கோலீன் ஹோலீன் ஆகும். நான் பெகி விக்கில் ஹோலீன். அங்கே கோல்மன் என்கிறவன், இங்கே கோலீன் விக்கில் ஹோலீன்.

எழுதிவிட்டேனே. சரி, எழுத்துத்தானே. வாயால் சொல்லவில்லை.

குடும்பப் பெயர் போலீஸ்காரனுக்கும் வரிக்காரனுக்கும். சங்கிலிப் பெயர்தான் மனிதனுக்கு. அந்தச் சங்கிலியைத்தான் அப்பா அறுத்தார். அவன் கப்பலேறிய வாரம், கோயில் வாசலில், ஊர் முழுக்கக் கேட்க: "பாஸ்டன் போனவன் என் பிள்ளை இல்ல. அவன் கிங் வீட்டுப் பிள்ளை."

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எடுக்காததை நான் எடுக்க நான் யார்?

10 பிப்ரவரி, புதன்

மொரீன் வந்தாள். என் மகள் கிளிஃப்டன் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். கோடையில் பாஸ்டன்காரர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, தங்கள் குடும்பப் பெயரை எங்கோ தொலைத்த குடையைத் தேடுவதுபோல் அவளிடம் கேட்பார்கள்.

"அம்மா, ஐலீன் எனக்கும் போன் பண்ணினா. பாவம்மா."

"பாவம் பாக்க அவ அப்பனுக்கு அறுபது வருஷம் இருந்துச்சு."

"கிங்னு பேர் மாத்திக்கிட்டதுக்கா இத்தன கோவம்?"

"பேர் இல்லடி. நாயை வித்துட்டான்."

சிரித்தாள். அவளுக்கு இதெல்லாம் கதை. எனக்கு அப்பா மீன்வலை பின்னிக்கொண்டே சொன்ன வேதம். நாங்கள் மக் கொன்ரீ. கொன் என்றால் வேட்டைநாய். வெட்டவெளியில் ஓடும் வேட்டைநாய் என்று பெயர்கொண்ட ஒருவனின் வம்சம். கோரிப் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மண் எங்களுடையது. பிறகு நார்மன்காரர்கள் ஓ ஃப்ளாஹர்ட்டி வம்சத்தாரைத் துரத்தினார்கள், ஓ ஃப்ளாஹர்ட்டிகள் எங்களைத் துரத்தினார்கள். எங்களுக்குத் துரத்த யாரும் இல்லை. பாறையும் சதுப்பும் தவிர எதுவும் இல்லாத இந்த மூலைக்கு வந்து சேர்ந்தோம். எழுநூறு வருடம் ஆகிறது. நான் இன்றுவரை ஓ ஃப்ளாஹர்ட்டி கடையில் இறைச்சி வாங்குவதில்லை.

இங்கிலீஷ்காரன் காலத்தில் பெயர் எழுத வந்தவனுக்குக் காது அரைகுறை. கொன்ரீ என்றதில் ரீ மட்டும் கேட்டது. ரீ என்றால் எங்கள் மொழியில் அரசன். கிங் என்று எழுதிவிட்டுப் போனான். பாலி மக்கொன்ரி என்று ஓர் ஊரே இருக்கிறது, அதையும் கிங்ஸ்டவுன் ஆக்கினார்கள். டிரைனான் வீட்டுக்காரர்களைத் தார்ன்டன் ஆக்கினார்கள். அது முள்ளிலிருந்து வந்த பெயர், தார்ன் என்றாலும் முள்தான், அதுவாவது சரி. எங்கள் நாய்க்குத்தான் முடிசூட்டினார்கள்.

"பாதிப் பேருக்கு அந்த முடி பிடிச்சுப்போச்சு" என்பார் அப்பா. "தெருக்கோடி பார்ட்லி வீட்டாருக்குப் பிடிச்சுப்போச்சு. நம்ம வீட்டில எவனும் அதைத் தலைல வச்சதில்ல."

வைத்தான் ஒருவன்.

12 பிப்ரவரி, வெள்ளி

171/95. இருட்டும்வரை அடுப்புக்கான கரிமண் கட்டிகளை எண்ணி அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

15 பிப்ரவரி, திங்கள்

மொரீன் ஒரு வரைபடம் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். நூலகத்தில் அவளே தயாரித்ததாம். சிவப்புப் புள்ளி கிங், பச்சைப் புள்ளி கொன்ராய். மக் கொன்ரீயை அந்த இரண்டாகத்தான் இங்கிலீஷில் உடைத்தார்கள். எங்கள் கரையில் சிவப்பு அம்மை போட்டதுபோல் இருந்தது. கால்வே நகரத்துப் பக்கம் பச்சை. நாட்டின் நடுவில் இருக்கும் பச்சை எங்கள் ஆட்கள் இல்லை, அது வேறு வம்சம் என்றாள். இன்னொரு தாளில் அமெரிக்கா: பாஸ்டன், மெய்ன் மாகாணத்துப் போர்ட்லண்ட், பனி கொட்டும் செயின்ட் பால்.

"எவ்ளோ பரவியிருக்கோம் பாரும்மா!"

பரவவில்லை. சிந்திவிட்டோம். அள்ள முடியாது. அங்கே கிங் என்று எத்தனை லட்சம் பேரோ. அதில் எங்கள் நாய் எது, இங்கிலீஷ்காரனின் நிஜ அரசன் எது என்று எந்தப் புள்ளி சொல்லும்?

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா ஏழு கிலோ எளச்சுட்டாராம். ட்யூப் போட்டு வயித்துக்குள்ள சாப்பாடு விடலாமான்னு கேக்கறாங்களாம்."

பாஸ்டன் மேல் அந்த ஊரே மூடிப்போகும் அளவுக்குச் சிவப்பு. அதில் ஒரு புள்ளி சாப்பிடவில்லை.

17 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசி, "மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்றார் பாதிரியார். எந்தப் பெயரில் என்று சொல்லவில்லை.

20 பிப்ரவரி, சனி

அந்த நாளை எழுதிவிடுகிறேன். எழுதினால் இறங்குமா பார்க்கலாம்.

1949, மார்ச், செவ்வாய்க்கிழமை. எனக்கு இருபது வயது. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அப்பா அடுப்புக்கு இடதுபக்கம், தொப்பியோடு. அவன் கதவைத் திறந்து வந்தான், மழையில் நனைந்து. கையில் மடித்த ஒரு தாள். பார்ட்லியின் சித்தப்பன் பாஸ்டனில் இருந்தான், அண்ணன் மகன் என்று எழுதிக் கொடுத்து இவனை அழைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா, இந்தத் தாளைப் பாருங்க. நான் கிங்காமே. இதுல நீங்களே—"

அவ்வளவுதான் அவனைப் பேசவிட்டார். எழுந்து நின்றார். அப்பாவுக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. தாளை வாங்கினார், பார்த்தார், அடுப்பில் போட்டார்.

"அந்தப் பேரோட இந்த வாசப்படி மிதிக்காத."

கிழங்கு அடிபிடித்தது. கருகியதை அன்று யாரும் சாப்பிடவில்லை, பன்றிக்குப் போட்டேன். ஒன்றையும் நான் மறக்கவில்லை. அது பார்ட்லியின் சித்தப்பன் அனுப்பிய தாள். எங்கள் பிள்ளையைக் கிங் ஆக்கிய தாள். அன்றிலிருந்து பார்ட்லி வீட்டோடும் பேச்சில்லை.

"இதுல நீங்களே—" இதில் அப்பா என்ன? இத்தனை வருடம் நான் அந்த வாக்கியத்தை முடித்துப் பார்க்கவே இல்லை. இப்போது எழுதும்போதுதான் கை நிற்கிறது.

23 பிப்ரவரி, செவ்வாய்

மொரீன் பதிவு அலுவலகத்திலிருந்து இரண்டு பிறப்புச் சான்று எடுத்து வந்தாள். நான் கேட்கவில்லை. "நீ கேக்கமாட்டே, அதான் நானே எடுத்தேன்" என்றாள்.

ஒன்று அவனுடையது. 1925. குடும்பப் பெயர்: கிங்.

இன்னொன்று என்னுடையது. 1929. மார்கரெட் — பெகி இல்லை, மார்கரெட். குடும்பப் பெயர்: கிங்.

கிங்.

நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கும் பென்ஷனுக்கும் பாதிரியார் எங்கள் மொழியில் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டே போதுமாக இருந்தது. எண்பத்தொரு வருடம் நான் ஒரு கிங், எனக்கே தெரியாமல்!

கீழே தகவல் கொடுத்தவர் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில், எழுத்தரின் அழகான கையில்: மிக்கில் கிங், அவருடைய குறி. நடுவில் ஒரு பெருக்கல் குறி. கோணலாக, அழுத்தமாக. வலை பின்னும் கை.

நாங்கள் பிறந்தது ஒன்பது பேர், ஒன்பது பிள்ளைக்கும் போய் நின்றிருக்கிறார். தொப்பியைக் கழற்றியிருப்பார். மக் கொன்ரீ என்றுதான் வாயால் சொல்லியிருப்பார், அது சத்தியம். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவன் கிங் என்று எழுதினான். இவர் அதன் கீழே குறி போட்டார். ஒன்பது முறை.

அந்தத் தாள் பார்ட்லியின் சித்தப்பனுடையதே இல்லை. இதுதான். கப்பலுக்குச் சான்று எடுக்கப் போனவன் முதல்முறையாகப் படித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். இதுல நீங்களே குறி போட்டிருக்கீங்களேப்பா — அதுதான் வாக்கியம். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் தன் குறி தெரியும்! அதைப் பார்த்தார். அதைத்தான் எரித்தார்.

ஐயோ அப்பா. பிள்ளைய எதுக்கு வெரட்டினீங்க? எழுதினவனைப் போய் அடிச்சிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா நானே போய் அடிச்சிருப்பேனே!

மொரீன் தேநீர் வைத்தாள். குடித்தேனா, ஞாபகமில்லை. எனக்கு ஞாபகமில்லாத தேநீர் இது ஒன்றுதான்.

24 பிப்ரவரி, புதன்

கல்லறைக்குப் போனேன். கடலோரம், மணலும் முயல் வளையும். அப்பாவோடு சண்டை போட வேண்டியிருந்தது. சத்தமாகவே போட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் பார்ட்லி ஆட்டைத் தேடிக்கொண்டு நின்றதைக் கவனிக்கவில்லை.

"உயிரோட இருக்கறவங்கள எல்லாம் முடிச்சிட்டியா பெகி? இப்ப செத்தவங்கள ஆரம்பிச்சிருக்கே?"

அறுபத்தோரு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. போகத் திரும்பினேன். சுவர்வரை திரும்பி வந்தேன்.

"நான் ஒரு கிங்காம்" என்றேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன், அவனை இல்லை.

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"உங்கண்ணன் அந்தத் தாளை வாங்கிட்டு முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தான். படிச்சுக் காமிச்சான். சிரிச்சுக்கிட்டே வந்தான் பெகி. அப்பாவும் சிரிப்பாருன்னு நெனச்சான்."

சிரிச்சுக்கிட்டே வந்தானாம்.

"ஏன் சொல்லல நீ?"

"நீ கடலைப் பாத்துக்கிட்டு இருந்தே."

அவன் விடவில்லை. "உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் அண்ணன் தம்பி. நம்ம பேர் நாய்தான்னு எங்க பாட்டிக்கும் தெரியும். ஆனா அவ மூத்த பையன், எங்க பெரியப்பன், பாஸ்டன் போய்க் கடுதாசி நின்னுபோச்சு. கிங்னு எழுதித்தான் போடுவான். பேரை மாத்திட்டா, ஒருநாள் கடுதாசி வந்து வீடு தெரியாமத் திரும்பிடும்னு பயந்தா. அந்தப் பேரை வாசல் விளக்கு மாதிரி எரிய விட்டிருந்தா."

"வந்துதா?"

"இன்னும் இல்ல."

பிறகு அவன் ஆடு கத்தியது, போனான். அவன் ஆடு 1963-ல் என் முட்டைக்கோஸை மேய்ந்தது வேறு கணக்கு. அதைச் சொல்ல நேரமில்லை.

25 பிப்ரவரி, வியாழன்

தவறான ஆள்மேல் அறுபத்தோரு வருடக் கோபம். அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? அப்பா மேல் வைக்கலாம் என்றால் அந்தப் பெருக்கல் குறி கண்ணில் நிற்கிறது. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். சன்னல், அடுப்பு, சன்னல்.

26 பிப்ரவரி, வெள்ளி

நான்கு மணி. அங்கே காலை பதினொன்று. மொரீன் எண்களை அழுத்தித் தந்தாள். ஐலீன் போனை அவன் காதில் வைத்தாள். "இந்தாங்க அத்தை. பேசுங்க. டாக்டர் பக்கத்துலதான் இருக்கார், ட்யூப் விஷயமா."

மூச்சுச் சத்தம். அண்ணனின் மூச்சு. தூங்கும்போது மூக்கின் வலதுபக்கம் மட்டும் விசில் அடிக்கும், இப்போதும்.

பெயரைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சொல்லி, பெயரை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. வாய் திறந்தால் வேறு வந்தது. வழியில் ஒரு பிள்ளையைக் கண்டால் கேட்பதுபோல:

"கே லெஷ் ஹூ? நீ யார் வீட்டுப் பிள்ளப்பா?"

விசில் நின்றது. செத்துவிட்டானோ என்று நினைத்தேன். ஐலீன் "அப்பா?" என்றாள்.

"மிக்கில் வீட்டுப் பிள்ள" என்றான். சின்னக் குரலில். வாசலில் நிற்கிறவன் குரலில். "மிக்கில் ஹோலீன் வீட்டுப் பிள்ள." கொஞ்சம் நிறுத்தி, பயந்தவன்போல: "இல்லையா?"

அப்பா பதில் சொல்லவேண்டிய இடம் அது. அப்பா இல்லை. நான்தான் இருந்தேன்.

"ஆமா" என்றேன். "மிக்கில் வீட்டுப் பிள்ளதான். நீ இல்லாம வேற யாரு, கோலீன் விக்கில் ஹோலீன்?"

"நீ?" என்றான். "நீ யார் வீட்டுப் பிள்ள?"

"அதே வீடுதான் அண்ணா."

"அப்ப, கிழங்கு வெந்துடுச்சா?"

மொரீன் போனை வாங்கிக்கொண்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

3 மார்ச், புதன்

ஐலீன் பேசினாள். சாப்பிடுகிறானாம். ட்யூப் வேண்டாம் என்றுவிட்டார்களாம். கட்டிலுக்கு மேல் பெரிய எழுத்தில் கே லெஷ் ஹூ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கரண்டி எடுப்பவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும். அவன் வீட்டைச் சொல்வான், ஒரு வாய் வாங்குவான். ஹெய்ட்டி நாட்டு நர்ஸ் ஒருத்தியிடம் அவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். அவள் தன் அம்மா பெயரையும் பாட்டி பெயரையும் சொன்னாளாம். நல்ல வீடு என்பதுபோல் தலையாட்டினானாம்.

"உச்சரிப்பு சரியா இருக்கா அத்தை? கே லீஷ் ஹூ?"

"லீஷ் இல்லடி. லெஷ். நாயைக் கட்டாத."

அவளுக்குப் புரியவில்லை. மொரீன் விளக்கட்டும்.

9 மார்ச், செவ்வாய்

மழை விட்டிருந்தது. கடைக்கு நடந்தேன். ஓ ஃப்ளாஹர்ட்டி கடையைத் தாண்டித்தான், அதில் மாற்றமில்லை.

எதிரே டிராக்டர். பார்ட்லி விரலைத் தூக்கினான்.

இன்று கடலில் பார்க்க ஒன்றும் இல்லை.